யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வட்டு இட மேலாண்மை

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் வட்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரிப்பது, அவற்றில் கோப்பு முறைமை அமைப்பது, இடம் தீராமல் கவனித்துக்கொள்வது ஆகிய பணிகளை வட்டு இட மேலாண்மை என்பர். விண்டோஸில் ஒவ்வொரு பார்ட்டிஷனும் சி, டி என்று தனி எழுத்தோடு நிற்கும். யுனிக்ஸில் அடைவு மரம் ஒன்றே ஒன்றுதான். அதன் வேர் 'ரூட்'. மற்ற பார்ட்டிஷன்கள் மரத்தின் ஏதேனும் ஓர் அடைவில் மவுண்ட் செய்யப்படும். ஆகவே ஒரு கோப்பின் பாதையை மட்டும் பார்த்து, அது எந்த வட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டின் சுவடு இன்றும் அடைவுப் பெயர்களில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினியில் யுனிக்ஸை வளர்த்தபோது, பயனர்களின் கோப்புகள் 'யூஎஸ்ஆர்' அடைவில், தனி வட்டில் இருந்தன. முதல் வட்டில் இடம் போதாமல் போகவே, இயங்குதளத்தின் நிரல்களும் அங்கே குடியேறின. அக்காலத்து ஆர்கே05 வட்டின் கொள்ளளவு சுமார் 2.5 மெகாபைட்தான். அப்படி இரண்டாகப் பிரிந்த நிரல் அடைவுகளை ஃபெடோரா லினக்ஸ் 2012இல்தான் மீண்டும் ஒன்றாக்கியது.

வட்டு எங்கெங்கே பிரிகிறது என்ற விவரம் பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும். 1983இல் ஐபிஎம் கணினிகளுக்கு வந்த எம்பிஆர் அட்டவணையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கே இடம். 512 பைட் செக்டார் கொண்ட வட்டில் 2 டெபிபைட்டுக்கு மேல் அதற்கு எட்டாது. பின்னர் வந்த ஜிபிடி பொதுவாக 128 பார்ட்டிஷன்கள் வரை ஏற்கிறது. வட்டின் கடைசியில் தன் நகலொன்றையும் வைத்துக்கொள்கிறது.

தனிப் பார்ட்டிஷன் வைப்பதன் முதன்மைப் பயன், ஓரிடத்துப் பெருக்கம் மற்றோரிடத்தை முடக்காமல் தடுப்பதே. லாக் கோப்புகளும் அஞ்சல் வரிசையும் சேரும் 'வார்' அடைவு ரூட்டோடு ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், கட்டுமீறி வளரும் ஒரு லாக் கோப்பு சர்வர் முழுவதையும் திணறடிக்கும். சர்வரில் அதைத் தனியே வைப்பதே நல்லது. சொந்த மடிக்கணினிக்கு ரூட், ஹோம் என்ற இரண்டு போதும். அதற்கு மேல் பிரித்தால், ஒன்றில் இடம் வீணாகக் கிடக்க இன்னொன்று நிரம்பி வழியும்.

'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழைச்செய்திக்குக் காரணம் ஒன்றல்ல. டேட்டா பிளாக்குகள் தீர்வது வெளிப்படையான காரணம். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைத் தாங்கும் ஐநோட் என்ற பதிவு ஒன்று வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, உருவாகும்போதே வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோட்களை ஒதுக்கிவிடுகிறது. 100 ஜிபிபைட் பார்ட்டிஷனுக்குச் சுமார் 65 லட்சம் கிடைக்கும். சின்னஞ்சிறு கேஷ் கோப்புகள் குவியும் சர்வரில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோவதுண்டு. டிஎஃப் கட்டளையை ஐ விருப்பத்தோடு இயக்கினால் இது உடனே தெரியும். இதே எக்ஸ்ட்4 வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. நெருக்கடியிலும் நிர்வாகி உள்ளே நுழைந்து வேலை செய்ய இது உதவும். வெறும் தரவுக்கான 1 டெராபைட் வட்டிலோ 50 ஜிகாபைட் சும்மா கிடக்கும். டியூன்2எஃப்எஸ் கொண்டு அங்கே தாராளமாகக் குறைக்கலாம்.

புதியவர்களை அதிகம் திகைக்க வைப்பது டிஎஃப், டியூ கட்டளைகளின் கணக்குகள் ஒத்துப்போகாத நிலை. டிஎஃப் 40 ஜிகாபைட் செலவாகியிருப்பதாகச் சொல்லும். டியூ கூட்டிப் பார்த்தால் 12தான் வரும். டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது; டியூ அடைவு அடைவாக நடந்து, பெயருள்ள கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. யுனிக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் முதலில் போவது அதன் பெயர்தான். ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அந்த நிரலைக் காட்டிக்கொடுக்கும். அதை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் கோப்பை அழிப்பதைவிட, அதன் உள்ளடக்கத்தைக் காலியாக்குவதே பாதுகாப்பு. மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்த அடைவில் எழுதப்பட்ட கோப்புகள் மறைந்து கிடப்பதும் இப்படியொரு வேறுபாட்டைத் தரும்.

பார்ட்டிஷனின் அளவைப் பிறகு மாற்றும் தேவைக்கு லினக்ஸில் எல்விஎம் உண்டு. பல வட்டுகளை ஒரே தொகுப்பாக்கி, அதிலிருந்து தருக்கப் பிரிவுகளை அது வெட்டித் தருகிறது. பெரிதாக்கும்போது முதலில் தருக்கப் பிரிவு, பிறகு கோப்பு முறைமை. சிறிதாக்கும்போது இந்த வரிசை தலைகீழ். வரிசை மாறினால் தரவு பறிபோகும் என்பதால் பேக்கப் எடுக்காமல் தொடவே கூடாது. எக்ஸ்ட்4ஐ மவுண்ட் நீக்கிய பிறகே சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை பெரிதாகுமே தவிர, நடைமுறையில் சுருங்காது.

சன் நிறுவனம் உருவாக்கிய இசட்எஃப்எஸ்ஸும் லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஆகிய கோப்பு முறைமைகள் நிலையான எல்லைகளைக் கைவிட்டு, ஒரே இடக் குவியலை எல்லாத் துணைப் பிரிவுகளும் பகிர விடுகின்றன. அங்கே வரம்பு வேண்டுமானால் கோட்டா அமைக்க வேண்டும். ஒரு நேரத்து நிலையை அப்படியே காத்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியால் கணக்கும் மாறுகிறது: அழித்த கோப்பு பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றில் இருந்தால், அந்த ஸ்னாப்ஷாட்டையும் நீக்கினால்தான் இடம் விடுபடும்.