பால் அறிதல்: விரல்ரேகையும் அடித்தடமும்

ஒருவர் விட்டுச்சென்ற விரல்ரேகையைக் கொண்டு அவர் ஆணா பெண்ணா என்று அனுமானிக்கும் முறை, ரேகையால் ஆளை அடையாளம் காணும் சாஸ்திரத்துக்கு மிகவும் பிற்பட்டது. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷெல் ஒப்பந்தப் பத்திரமொன்றில் கைப்பதிவு வாங்கியதும், 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காரியாலயம் தோன்றியதும், அங்கே அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோர் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை வகுத்ததும், இன்னார் என்று நிச்சயிப்பதற்கேயன்றிப் பாலை அறிவதற்கல்ல.

சுழி, வளையம், வில் என்னும் வடிவங்கள் இருபாலாருக்கும் பொதுவாகையால், பாலை அறிய முயல்வோர் வடிவத்தை விட்டு ரேகைகளின் நெருக்கத்தை நோக்குகின்றனர். பதிவின் மேற்பகுதியில் ஐந்து மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் குறித்து, அதன் மூலைக்கு மூலை எத்தனை ரேகைகள் ஓடுகின்றன என்று எண்ணினால், பெண்களின் ரேகைகள் மெல்லியவையாய் நெருங்கியும், ஆண்களுடையவை தடித்து இடைவிட்டும் நிற்பது பெரும்பாலும் புலப்படும். தென்னிந்தியர் ஐந்நூறு பேரின் ரேகைகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு, பதின்மூன்றும் அதற்குக் குறைந்ததும் ஆணுக்கும், பதினான்கும் அதற்கு மேற்பட்டதும் பெண்ணுக்கும் உரியதாதல் கூடும் என்றது. அமெரிக்காவில் 1999-ல் கண்ட எல்லையோ பதினொன்றும் பன்னிரண்டும். நாட்டுக்கு நாடு நகரும் எல்லையை நம்பி ஒருவரைக் கூண்டில் ஏற்றலாகாது. சிறுவனின் ரேகையும் நெருக்கமானதே. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் எண்ணுவதற்கு ரேகையே எஞ்சுவதில்லை. பதிவில் தங்கிய வியர்வையின் அமினோ அமிலங்கள் பெண்களிடம் ஏறக்குறைய இருமடங்கு என்று 2015-ல் ஆல்பனி பல்கலைக்கழகத்தார் கண்டது வேறொரு வழி.

மனித ரேகையின் இந்நிலைக்கு நேர்மாறானதைப் புலியின் அடித்தடத்தில், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல்லில் காணலாம். பெரியாறு, கோவிலாறு ஆகிய இரண்டு அணைகளுக்கு மேலே எழும் மலைக்காடுகள், 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. இது தமிழகத்தில் ஐந்தாவது, இந்தியாவில் ஐம்பத்தோராவது. புலியின் பின்னங்கால் தடம் நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒத்துச் சதுரமாய், விரற்குறிகள் உருண்டு இருந்தால் ஆண் என்றும், நீண்டு ஒடுங்கியிருந்தால் பெண் என்றும் கொள்வது இந்திய வனத்துறையின் பழைய வழக்கம். ஒடிசாவின் சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-ல் வகுத்த தடக் கணக்கெடுப்பும், 1972-ல் 1,827 புலிகள் என்று கணித்த தேசியக் கணக்கும் அவ்வழக்கத்தின்மேல் எழுந்தவை. 2003-ல் சர்மா, ஜாலா, சவர்க்கர் ஆகியோர் தடத்தின் அளவுகளால் பாலைப் பிரிக்கலாம் என்று கணிதமுறையில் காட்டினர். ஆனால் அதே ஆண்டு உல்லாஸ் காரந்த் முதலியோர், தடத்தைக் கொண்டு இன்ன புலி என்று சாதிப்பது தகாதென்று வன்மையாய் மறுத்தனர். மனித ரேகை ஆளைச் சொல்லிப் பாலில் தயங்க, புலித்தடம் பாலைச் சொல்லி ஆளில் தடுமாறுகிறது!

தடுமாற்றத்துக்குப் பெரும் காரணம் மண். மெல்லிய புழுதிப் படலத்தில் பதிந்த தடம் துல்லியமாயிருக்கும்; நீர்த்தேக்கக் கரையின் ஈரமணலில் அதே பாதம் விரிந்து பெரிதாய்த் தோன்றி, பெண்ணை ஆணாகக் காட்டிவிடும். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லையென்று 2005-ல் வெளிப்பட்ட பின்னர், 2006 முதல் எண்ணிக்கைக்குத் தானியங்கிக் கேமராக்களும், புலிக்குப் புலி வேறுபடும் உடற்கோடுகளுமே ஆதாரமாயின. பால் தெளியாதவிடத்து எச்சத்தின் டி.என்.ஏ. சோதிக்கப்படுகிறது. தடமோ, புலி அவ்வழி நடமாடுகிறது என்பதற்குரிய அடையாளமாகக் காவலர் குறிப்பேட்டில் இன்றும் பதிவாகிறது.