பாகங்களாக விற்ற கார்



நுவரெலியா மாகஸ்தோட்டை ஏற்றத்தில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடக்கும் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நாம் பாதையோரம் நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் ஒரு பந்தயக் காரும் இருக்கிறது. அதுதான் ரிமோட் கார்.

1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். 1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம் போர்ஷே 934 ரிமோட் காரைப் பாகங்களாகவே பெட்டியில் போட்டு விற்றது. வாங்கியவர்தான் பூட்ட வேண்டும்.

நீள்வட்டத் தடத்தில் ஓடும் காரைப் பூட்டுவது இன்னும் நல்ல பாடம். அது இடப்பக்கம் மட்டுமே திரும்பும். வளைவில் வலச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதால், பின்பக்க வலச் சக்கரத்தைச் சற்றுப் பெரிதாகப் போடுவார்கள். பாரம் வெளிப்பக்கம் சாய்வதால், பற்றரியை இடப்பக்கம் தள்ளி வைப்பார்கள். வட்டத்தின் சுற்றளவு, விசை எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன.

நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. அதைச் சொல்லியே "நம் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டில் ரிமோட் கார் உடைந்தால் குப்பையில் போடாதீர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவரோடு பிள்ளையிடம் கொடுங்கள். மகளுக்கும் கொடுங்கள்.