கம்பீர் போன வழி

ஜொகூர் மாநிலச் சின்னத்தில் இரண்டு செடிகளின் இலைகள் உண்டு. ஒன்று மிளகு என்று சொல்லிவிடலாம். மற்றதை இன்று ஜொகூர் பாருவில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அது கம்பீர். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதன் இலையைக் காய்ச்சி இறுக்கிய பழுப்புக் கட்டியைத்தான் நம் பாட்டிமார் காசுக்கட்டி என்று சொல்லி வெற்றிலைக்குள் வைத்து மென்றார்கள்.

ரியாவ் தீவுகளில் 18ஆம் நூற்றாண்டிலேயே சீனத் தொழிலாளர்கள் இதைப் பயிரிட்டார்கள். 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தபோது அங்கும் கம்பீர்த் தோட்டங்கள் இருந்தன. ஆனால் இந்தக் கொடி மண்ணை உறிஞ்சிவிடும். பதினைந்து இருபது ஆண்டுகளில் நிலம் ஓய்ந்துபோகும். அதைவிடப் பெரிய பசி அடுப்புக்கு. பெரிய இரும்புச் சட்டியில் இலையை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, பிழிந்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கட்டையால் கிளறி உறையவிட்டுத் துண்டு போடுவார்கள். தோட்டம் எவ்வளவோ அவ்வளவு காடு விறகாகப் போனது. சக்கை மட்டும் வீணாகவில்லை, மிளகுக் கொடிக்கு எருவானது. சின்னத்தில் இரண்டும் சேர்ந்து நிற்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சிங்கப்பூரில் மண்ணும் மரமும் தீர்ந்ததும் தோட்டக்காரர்கள் நீரிணையைத் தாண்டினார்கள். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம் 1844 முதல் ஆற்றுக்கு ஒரு கடிதமாகக் கொடுத்தார்: இந்த ஆற்றங்கரையில் தோட்டம் போட உனக்கு உரிமை. கடிதம் பெற்றவர் காங்சூ, அவர் படகு அணையும் இடம் காங்கார். காங்கார் புலாய், காங்கார் தெப்ராவ் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. 1855இல் தஞ்சோங் புத்ரி என்று தொடங்கி 1866இல் ஜொகூர் பாரு ஆன நகரம் இந்த வருமானத்தில்தான் வளர்ந்தது. கம்பீரில் செல்வம் சேர்த்தவர்களில் ஒருவரான தான் ஹியோக் நீயின் பெயரில் நகர நடுவே இன்றும் தெரு இருக்கிறது.

கட்டியில் பெரும்பகுதி வெற்றிலைக்குப் போகவில்லை. 1830களுக்குப் பிறகு இங்கிலாந்தின் தோல் பதனிடுவோரும் சாயத் தொழிலாளரும் இதை வாங்கிக் குவித்தார்கள். பிறகு குரோமியப் பதனீடு வந்தது, ரப்பர் வந்தது. 1917இல் காங்சூ முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் கூட்டம் கூட்டமாக வந்தபோது கம்பீர் விடைபெற்றுக்கொண்டிருந்தது. காய்ச்சியவர்கள் சீனர்கள், நாம் மெல்ல மட்டும் வந்து சேர்ந்தோம்.

மெல்லுவது என்றால் சும்மா அல்ல. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கலவைக்காரர். மலாய் வீட்டின் தெப்பாக் சிரே என்ற வெற்றிலைப் பெட்டியிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பாக்கு, சுண்ணாம்பு, கம்பீர், கிராம்பு, புகையிலை என்று தனித்தனியே இருக்கும். யாரும் அளவு எழுதி வைக்கவில்லை. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துவிடும், குறைந்தால் சிவக்காது. கட்டி கூடினால் முதலில் கசந்து நாக்கைச் சுருக்கும், பிறகு மெல்ல இனிப்பு ஏறும். புகையிலைதான் பொல்லாதது. யாழ்ப்பாணத்து இலையா, வேதாரண்யத்து இலையா என்பதில் காட்டம் மாறும். பழகாதவருக்கு விக்கலும் தலைச்சுற்றலும் நிச்சயம். சுண்ணாம்பின் காரம் புகையிலையின் நிக்கோட்டினைப் பிரித்துவிட, வாயின் தோல் வழியே அது வேகமாக ஏறுகிறது. வேதியியல் தெரியாமலே கிழவிகள் இதைக் கையாண்டார்கள். புகைக்குழாய்ப் பிரியர்கள் வர்ஜீனியா இலையோடு லத்தாக்கியாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துப் பார்ப்பதும் இதே வேலைதான். அவர்களிடம் தராசு இருக்கும், பாட்டியிடம் விரல்நுனி.

இந்தக் கைப்பக்குவத்தைக் கொண்டாட எனக்கு முழு மனமில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கலவையும், பாக்கு தனியாகவும்கூட அதே பட்டியலில் சேர்ந்ததை அந்த முகமையின் 2004ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுதி சொல்கிறது. நம் வீடுகளில் புகையிலையை மட்டும் திட்டிவிட்டுப் பாக்கை மங்கலப் பொருளாக விட்டுவைப்பது சௌகரியமான பாதி உண்மை.

கம்பீர் இன்றும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஜொகூரிலிருந்து அல்ல. மேற்குச் சுமத்ராவின் மலைச்சரிவுகளில் காய்ச்சி, பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. அங்கே கருங்காலி இனத்து மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் கத்தா போதவில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது இந்தக் கட்டி. பான் மசாலாப் பொட்டலத்தில் கலவையைத் தொழிற்சாலை முடிவு செய்கிறது, விரல்நுனிக்கு அங்கே வேலையில்லை. ஜொகூர் பாருவிலிருந்து புகையிலைப் பொட்டலத்துடன் கடற்பாலம் தாண்டுவோர் ஒன்றை மறக்கக்கூடாது: சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை; சிகரெட்டாக இருந்தாலும் ஒன்றுக்குக்கூட வரிவிலக்கு இல்லை.