கேலிப்பர்: புத்தா பந்தயத் தடமும் பிரேக் வெப்பமும்

டிஸ்க் பிரேக்கில் சுழலும் டிஸ்கை இருபுறமும் பேடுகளால் இறுகப் பிடிக்கும் பாகம் கேலிப்பர். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடை டிஸ்கோடு அழுத்தும். வண்டியின் வேகம் அங்கே வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் ஆயிலைச் சென்றடையாமல் காப்பதற்கான முயற்சிகளே கேலிப்பரின் வரலாற்றில் பெரும்பகுதி. இந்தியாவில் அதைத் தெளிவாகக் காட்டும் இடம், தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேசப் பந்தயத் தடம்.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் காப்புரிமை பெற்றார். ஆனாலும் அரை நூற்றாண்டு டிரம் பிரேக்கே கோலோச்சியது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். நீண்ட பந்தயங்களில் பிரேக் பிடிப்பு மெல்ல மெல்லக் கரையும். 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகு டிரம்மின் காலம் முடியத் தொடங்கியது. 1976-இல் பிரபாம் அணிக்காக கார்டன் மர்ரி ஃபார்முலா ஒன் காரில் கார்பன் பிரேக்கை முயன்று பார்த்தார். இந்தியாவில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய அந்த நாட்களில் டிரம்தான் வழக்கம். டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து 1962-இல் சென்னையில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அந்நகரின் பாடி பகுதியிலிருந்து நாடெங்கும் பிரேக் பாகங்களை அனுப்பியது.

ஹெர்மன் டில்கே வடிவமைத்த புத்தா தடம் 2011-இல் திறக்கப்பட்டது. நீளம் 5.125 கி.மீ., 16 வளைவுகள். மூன்றாவது வளைவுக்கும் நான்காவது வளைவுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நேர்பாதை ஓடுகிறது. முதல், மூன்றாம், நான்காம் வளைவுகள் மூன்றிலும் வலுவாக பிரேக் பிடித்தாக வேண்டும். முந்தைய வளைவின் சூடு முழுதும் தணியுமுன் அடுத்தது வந்துவிடும். இங்கே 2011 முதல் 2013 வரை நடந்த மூன்று இந்திய கிராண்ட் பிரிக்ஸையும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். 2012 போட்டியில் நரைன் கார்த்திகேயனின் எச்ஆர்டி அணித்தோழர் பெட்ரோ டி லா ரோசா பிரேக் கோளாறால் விலக நேர்ந்தது. கார்பன் டிஸ்க் பல நூறு டிகிரி சூட்டில்தான் நன்றாகப் பிடிக்கும். கேலிப்பரோ அலுமினியக் கலவை. 200 டிகிரியைத் தாண்டினால் அதன் உறுதி குறையத் தொடங்கும். ஒரு சாண் இடைவெளிக்குள் இந்த இரண்டையும் வைத்துக் காப்பது பொறியாளர்களின் உண்மையான சாதனை. சக்கரத்தின் உட்புறக் காற்றுக் குழாய்கள் அதற்காகவே இருக்கின்றன.

ஃபார்முலா ஒன் போன பிறகு தேசியப் பந்தயங்களும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டுவோரின் நாட்களும் தடத்தில் தொடர்ந்தன. கேலிப்பரின் கதை எனக்கு இங்குதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் சாலைக் கார் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1,400 கிலோ கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 18 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது; ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். பிரேக் பிடிக்கும் நேரம் நான்கைந்து வினாடி. அந்த வெப்பத்தின் பெரும்பங்கை முன்சக்கர டிஸ்குகளே ஏற்கின்றன. பேடின் பின்தகடு வழியாகவும் பிஸ்டன் வழியாகவும் சூடு ஆயிலுக்கு ஏறுகிறது. அந்த வழியை அடைக்க பேடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே டைட்டானியத் தகடு வைப்பார்கள். பேடைத் தொடும் பரப்பு குறையும்படி பிஸ்டனின் உள்ளே குடைந்திருப்பார்கள்.

ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. டாட் 4 தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அதே ஆயிலுக்குத் தர விதி கேட்பது 155 டிகிரிதான். கிளைக்கால் வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே தில்லியில் மே மாதத்து 45 டிகிரி வெயிலைவிட ஆடி, ஆவணி மழைக்காலத்தின் ஈரக்காற்றே பிரேக்குக்குப் பெரிய பகை. 600 டிகிரியில் நிற்கும் டிஸ்குக்கு, சுற்றுக்காற்று 10 டிகிரியா 45 டிகிரியா என்பதால் வரும் வேறுபாடு சொற்பம். பழைய ஆயிலோ கொதிநிலையில் 75 டிகிரி வரை இழந்து நிற்கும். தடத்துக்குப் போகும் முன் புது ஆயில் ஊற்றி ஏர் எடுப்பதுதான் எல்லா மேம்பாடுகளிலும் மலிவானது. பெரிய கேலிப்பர் வாங்கும் யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

2023 செப்டம்பரில் புத்தா தடத்தில் நடந்த மோட்டோஜிபி பைக் பந்தயம், வெப்பத்தால் 24 சுற்றிலிருந்து 21 ஆகக் குறைக்கப்பட்டது. வெப்பம் தாங்காதவர்கள் அன்று ஓட்டுநர்களே. கார்பன் டிஸ்குகள் அல்ல.

வேகமாக ஓடும்வரை கேலிப்பருக்குக் காற்று கிடைக்கிறது. நின்றதும் காற்று நிற்கிறது. ஆனால் டிஸ்கின் சூடு தொடர்ந்து கேலிப்பருக்கு ஏறுகிறது. பல நேரங்களில் ஆயில் கொதிப்பது பிட்டில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதனால் கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வருவார்கள். வண்டியை நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடமாட்டார்கள்; கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்கள்.