ஒய்.டி.எம்-4 டீசல் உந்துபொறிகளின் நீக்கமும் உடைப்பும்

ஒய்.டி.எம்-4 என்பது இந்திய இரயில்வேயின் மீட்டர் அளவுப் பாதைகளில் (மீட்டர்கேஜ், 1,000 மி.மீ.) இயங்கிய டீசல்-மின் உந்துபொறி வகையாகும். தென்காசி, செங்கோட்டை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கொல்லம் செல்லும் பாதையில், மீட்டர்கேஜ் காலத்தின் இறுதிவரை இவ்வகை உந்துபொறிகள் வண்டிகளை இழுத்தன. பாதைகள் அகலமாக்கப்பட்ட பின்னர் இவற்றுள் பல சேவையிலிருந்து நீக்கப்பட்டுப் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன.

அமைப்பு

இது அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பாகும். 1961 முதல் இறக்குமதியான இவ்வுந்துபொறிகள், 1968 முதல் வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலையிலும் கட்டப்பட்டன. 6 உருளைகள் கொண்ட டீசல் எஞ்சின் ஒரு மின்னாக்கியைச் சுழற்றும்; அம்மின்சாரம் 6 அச்சுகளிலும் உள்ள மோட்டார்களை இயக்கும். திறன் ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 72 டன்.

செங்கோட்டை மலைப்பாதை

செங்கோட்டை – புனலூர் பாதை 1904 இல் திறக்கப்பட்டது. நீளம் 49 கி.மீ. ஆரியங்காவு, தென்மலை வழியாகச் செல்லும் இப்பாதையில் குகைகளும், புகழ்பெற்ற பதின்மூன்று கண் பாலமும் உள்ளன. ஏற்றம் கடுமையாக இருந்தமையால் வண்டியின் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு உந்துபொறிகள் இணைக்கப்பட்டன.

நீக்கத்திற்கான காரணம்

1992 இல் அறிவிக்கப்பட்ட ஒற்றை அகலத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் மீட்டர்கேஜ் பாதைகள் அகலப் பாதைகளாயின. விருதுநகர் – தென்காசி அகலப் பாதை 2004 இல் திறக்கப்பட்டது. கொல்லம் – புனலூர் மீட்டர்கேஜ் 2007 இலும், திருநெல்வேலி – தென்காசி 2008 இன் இறுதியிலும் மூடப்பட்டன. இதனால் எஞ்சிய செங்கோட்டை – புனலூர் பகுதி தனித் தீவாயிற்று. அங்கிருந்த உந்துபொறி தன் சக்கரத்தில் ஓடி வேறு பணிமனைக்குச் செல்ல வழியில்லை. ஏற்றிச் செல்ல வேண்டும், அல்லது நின்ற இடத்திலேயே உடைக்க வேண்டும். 2010 செப்டம்பரில் இப்பகுதியும் மூடப்பட்டது. அகலப் பாதை 2018 இல் முழுமையடைந்தது.

இந்திய இரயில்வே ஒரு டீசல் உந்துபொறிக்கு வகுத்த ஆயுட்காலம் 36 ஆண்டுகள். 1980களில் கட்டப்பட்டவற்றுக்கு 2010 இல் ஆயுள் மீதமிருந்தது; ஓடுவதற்குப் பாதை இல்லை. அகலப் பாதைக்கான டபிள்யூ.டி.எம்-2 வகையின் திறன் 2,600 குதிரைத்திறன் ஆகையால், இவற்றின் சக்கரத் தொகுதிகளை மாற்றிப் பயன்படுத்துவதில் ஆதாயமும் குறைவு.

உடைக்கும் முறை

நீக்க ஆணை பிறப்பிக்கப்பட்டதும், பிற உந்துபொறிகளுக்குப் பயன்படும் உதிரிப்பாகங்கள் கழற்றப்படுகின்றன. டீசலும் மசகெண்ணெயும் வடிக்கப்படுகின்றன. ஈய-அமில மின்கலங்கள் அகற்றப்படுகின்றன. பின்னர், உள்ளது உள்ளபடியே என்ற நிபந்தனையில் ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவரின் தொழிலாளர்கள் இரயில்வே மேற்பார்வையில் வாயுச் சுடரால் உடலை வெட்டுகின்றனர். மின்னாக்கி, மோட்டார் ஆகியவற்றின் செப்புச் சுருள்கள் எடையில் குறைவெனினும் இரும்பைவிடப் பன்மடங்கு விலைபெறுபவை. வெட்டிய எஃகு உருக்காலைகளுக்குச் செல்கிறது. சரியாக வடிக்கப்படாத எண்ணெய் தீ விபத்துக்கும் மண் மாசுக்கும் காரணமாகலாம்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் பெருநிறுவனங்கள் கழித்த உந்துபொறிகளைக் குறுந்தொலைவு இருப்புப்பாதை நிறுவனங்கள் வாங்கி ஓட்டுகின்றன. அங்குப் பெரிய பாதைக்கும் சிறிய பாதைக்கும் தண்டவாள அகலம் ஒன்றே. ஆல்கோ 1969 இல் உற்பத்தியை நிறுத்திய பிறகும், உடைக்கப்பட்டவற்றின் பாகங்களைக் கொண்டு மற்றவை பல ஆண்டுகள் ஓடின. செங்கோட்டைப் பாதையில் அகலமே மாறியதால் இத்தகைய இரண்டாம் வாழ்வுக்கு உள்ளூரில் இடமில்லாமற் போயிற்று.

எஞ்சியவை

மீட்டர்கேஜ் வழக்கிலுள்ள மியான்மர், மலேசியா ஆகிய நாடுகளுக்குச் சில ஒய்.டி.எம்-4 உந்துபொறிகள் அனுப்பப்பட்டன. தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் எஞ்சியிருப்பது நீலகிரி மலைப் பாதையில் மட்டுமே. அதன் குன்னூர் – உதகமண்டலம் பகுதியில் இவ்வகை உந்துபொறிகள் பயன்படுத்தப்பட்டன.

இவற்றையும் பார்க்க

நீலகிரி மலை இரயில் பாதை
பொன்மலை இரயில்வே பணிமனை