ஏரியும் ஏடும்



சென்ற திங்களில் நம் சங்கத்தைச் சேர்ந்த உழவர் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, மகள் அறிவியலில் பட்டம் வாங்கிவிட்டாள். இனிச் சுற்றுச்சூழலைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். அந்தப் படிப்பு சோறு போடுமா? நம்மவர்க்கும் அதற்கும் என்ன உறவு?" என்று வினவினார். தமிழ் பயிற்றும் யாம் உடனே விடை கூற இயலாது நாணினோம். இல்லஞ் சென்று நூல்களைப் புரட்டிய பின்னரே, அவ்வினாவின் விடை நம் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் வரலாற்றிலேயே உளதெனக் கண்டோம். அதனை அன்பர் அனைவர்க்கும் உரைத்தல் கடனெனக் கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

திருபுவனைக் கல்லூரி

நம் கொம்யூனைச் சார்ந்த திருபுவனை, சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்று விளங்கிற்று. முதல் இராசாதிராச சோழனுடைய 30ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 1048ஆம் ஆண்டில், பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று அவ்வூரில் உளது. அங்கு நிலவிய உயர்நிலைக் கல்லூரியில் 12 ஆசிரியரும் 260 மாணாக்கரும் இருந்தனர் என்பதும், வேதம், வியாகரணம், வேதாந்தம் முதலியன பயிற்றப்பட்டன என்பதும் அதனாற் பெறப்படும். கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியப் பணியினின்று விலக்குப் பெற்றிருந்தனர் என்பது ஈண்டுச் சிறப்பாக உன்னற்பாலது.

வாரியம் என்பது ஊர்ச்சபையின் காரியங்களைப் பகுத்து நடத்திய குழு. உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஏரிவாரியம் என்ற ஒன்றைக் கூறுகின்றது. ஏரியைக் காத்தல் அவ்வாரியத்தின் பணி. ஆகவே, கல்லூரியில் ஏடு பயின்றார்க்கு ஊர்ப்பணியின் சுமை வேண்டா எனத் திருபுவனைச் சபையார் கருதினர் என்க. கல்வியைப் போற்றிய அவர்தம் உள்ளம் பெரிது. ஆயினும் ஒரு பிளவும் இங்கே புலனாகின்றது. ஏடு கற்றார் ஏரியைத் தொடவேண்டுவதில்லை. ஏரியில் மண் சுமந்தார்க்கு ஏட்டில் இடமில்லை. அவ்வேதக் கல்லூரியின் வாயில் நம் முன்னோர்க்குத் திறந்ததன்று. இதனைச் சினத்தாற் கூறுகின்றோமல்லோம். நடந்ததை நடந்தவாறு கூறுகின்றோம்.

ஏரி காத்த கைகள்

திருபுவனையின் பேரேரி, கோக்கிழானடிப் பேரேரி எனக் கல்வெட்டுக்களில் வழங்கும். முதற் பராந்தகன் தேவியும் இராசாதித்தன் தாயுமாகிய கோக்கிழானடிகள் பெயரால் அமைந்தது அது. அரசியின் பெயர் கல்லில் நின்றது. கரையை அடித்து எழுப்பினோர் பெயர் நிற்கவில்லை. எனினும் அவர்தம் அறிவு ஊர்ப்பெயரில் நின்றது. மதகடிப்பட்டு என்னும் பெயரைப் பிரித்துப் பார்மின். மதகின் அடியில் அமைந்த பட்டு என்பதன்றோ அதன் பொருள்?

எவ்வளவு நீர் வரின் கலங்கல் வழியே வெளியேற்றுவது, எந்நாள் மதகு திறப்பது, கோடையில் எவ்வளவு வண்டல் எடுத்து எந்த நிலத்திற் கொட்டுவது என்பனவெல்லாம் எழுதாத கல்வியாக நம்மிடையே வழங்கின. அக்கல்வி இழிந்ததன்று. கி. பி. 1836ஆம் ஆண்டிற் கொள்ளிடத்தில் மேலணை கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், ஆழங் காணா ஆற்றுமணலில் அடித்தளம் நிறுத்தும் முறையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றதாகத் தாமே ஒப்பினார்.

பொறியியற் கல்வி தோன்றியவாறு

நிற்க. நம் நாட்டிற் பொறியியல் பள்ளிக் கல்வியாகியது எப்பொழுது? கி. பி. 1794ஆம் ஆண்டில், மைக்கேல் டாப்பிங் என்பார் முயற்சியால், நில அளவை பயிற்றும் பள்ளியொன்று 8 மாணவருடன் சென்னையில் தோன்றிற்று. அதுவே 1859இல் பொறியியற் கல்லூரியாய், 1920இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்து, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று.

அக்கல்வி அணை கட்டவும் பாலம் அமைக்கவும் ஆலை நிறுவவும் கற்பித்தது. ஆலை கழித்த நீர் எங்குச் செல்லும், அதனைக் குடிப்பார் யாவர் என்னும் வினாக்கள் நெடுங்காலம் பின்னே நின்றன. அவை முன்னே வந்தது துன்பத்தினால். 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் போபால் நகரத்து நச்சுவாயு பல்லாயிரவரைக் கொன்றது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழற் கல்வி பள்ளி முதலாகக் கட்டாயமாகப் பயிற்றப்படல் வேண்டுமெனப் பணித்தது.

காலாப்பட்டுக் கல்வி

இக்காலத்தேதான் நம் புதுவைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்று, காலாப்பட்டில் கடலோரத்தே அஃது அமைந்தது. சூழலியலுக்கு ஒரு துறையும், மாசுத் தடுப்பிற்கும் ஆற்றல் தொழில்நுட்பத்திற்கும் ஒரு நடுவமும் அங்குத் தோன்றின. பசுமை ஆற்றலுக்கென மதன்ஜீத் சிங் பெயரால் ஒரு பள்ளி பின்னர் எழுந்தது.

அங்கு ஆராயப்பெறுவன யாவை? அன்பர்கள் வியப்பர், ஏரியே! மாசுத் தடுப்பு நடுவத்தின் பேராசிரியர் எஸ். ஏ. அப்பாஸியும் அவர்தம் மாணவரும் ஊசுட்டேரியைப் பல்லாண்டு ஆராய்ந்து நூலாக்கினர். அவ்வேரிக்கு நீர் எங்கிருந்து செல்கின்றது? நம் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியேயன்றோ! நம் ஏரிகளை இன்று மூடிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை நாம் வெட்டி எரிக்கின்றோம்; அஃது மீண்டுந் தழைக்கின்றது. அதனையே மண்புழுவிற்கு உணவாக்கி எருவாக்கும் வழியை அந்நடுவத்தார் ஆராய்ந்தனர். நீர்க்களைகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யவும், இலைதழையிலிருந்து எரிவாயு பெறவும் முறைகள் வகுத்தனர். சூழலும் ஆற்றலும் பொறியியலும் மூன்றல்ல, ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

நம் வயலிலும் அவ்வாறே. ஏரி தூர்ந்தமையால் ஆழ்குழாய்க் கிணறு வந்தது; நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரின் குதிரைத்திறன் ஏறிற்று; பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் கிணறுகளிற் கடலுப்புப் புகுந்தது. 1999ஆம் ஆண்டு தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியால் புதுவையின் 84 ஏரிகளைப் புதுக்கும் திட்டம் நடந்தது. கரைகள் உயர்ந்தன, சங்கங்கள் அமைந்தன. ஆயினும் ஆண்டுதோறும் அளந்து பார்த்து, எது குறைந்தது, ஏன் குறைந்தது என்று சொல்ல ஊரிலேயே கற்றவர் வேண்டும். வெளியார் வந்து ஒருமுறை செப்பனிட்டுச் செல்லுதல் போதாது.

நம் கடமை

இனி, அவ்வுழவர்க்கு யாம் கூறிய விடையைக் கூறி முடிப்போம். "ஐயா, கணினி கற்றார்க்குக் கிடைப்பதுபோல் உடனே பெருஞ் சம்பளம் கிடைக்குமென்று பொய் கூறோம். ஆயினும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமங்களிலும், கழிவுநீரைத் தூய்மை செய்யவேண்டிய ஆலைகளிலும், குடிநீர்த் துறைகளிலும், கதிரொளி மின்சாரத் தொழிலிலும் இக்கல்விக்கு இடமுண்டு. அறிவியற் பட்டம் பெற்றார் எம்.எஸ்ஸி. வகுப்பிலும், பொறியியற் பட்டம் பெற்றார் 'கேட்' தேர்வெழுதி எம்.டெக். வகுப்பிலும் சேரலாம். நும் மகள் பயில விரும்புவது நும் தந்தையார் மதகடியில் நின்று அறிந்ததே; அவரிடம் ஏடு இல்லை, இவளிடம் இருக்கும்; அவ்வளவே வேற்றுமை" என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்பா உயிரோடு இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்று கூறி விண்ணப்பத்திற் கையெழுத்திட்டார்.

அன்பர்காள்! நம் பிள்ளைகளுட் பொறியியல் கற்பார் இன்று பலர். அவர்தம் மேற்கல்விக்கு நாம் பொருள் ஒதுக்குங்காற் கணினியையும் மருத்துவத்தையும் மட்டுமே நோக்குகின்றோம். ஆண்டிற்கு ஒருவரேனும், ஆணாயினும் பெண்ணாயினும், நீரையும் நிலத்தையும் ஆற்றலையும் கற்கச் சங்கம் துணை நிற்றல் வேண்டும். கி. பி. 1048இல் ஏடு கற்றார்க்கு ஊர்ப்பணியினின்று விலக்கு அளித்தனர். நம் மக்கட்கு அவ்விலக்கு வேண்டா. அவர்கள் கற்ற ஏட்டுடன் ஏரிக்கரைக்கு வருவார்களாக!