சீரிஸ் ஒன் லேண்ட் ரோவர்: கைவிடப்பட்ட வண்டிகளை இனங்காணலும் மீட்டெடுத்தலும்

சீரிஸ் ஒன் என்பது 1948 முதல் 1958 வரை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் ரோவர் நிறுவனம் தயாரித்த லேண்ட் ரோவர் வண்டிகளைக் குறிக்கும் பெயராகும். தயாரான காலத்தில் இவற்றுக்கு இந்தப் பெயர் கிடையாது. வெறும் லேண்ட் ரோவர்தான். 1958-இல் சீரிஸ் டூ வெளிவந்த பிறகே முந்தையவை 'ஒன்' ஆயின. பண்ணை வேலைக்கென்று பிறந்த இந்த வண்டிகளில் பெரும்பாலானவை உழைத்துத் தேய்ந்து, வயலோரத்திலும் கொட்டகையிலும் கைவிடப்பட்டன. அப்படிக் கிடந்தவற்றை இனங்கண்டு மீண்டும் ஓட வைக்கும் முயற்சி இன்று தனி ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு வண்டியில் எத்தனை பாகங்களை மாற்றிய பிறகும் அது அதே வண்டிதானா என்பது இத்துறையில் இன்னும் தீராத வழக்கு.

தோற்றம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. ஆடம்பரக் கார் செய்துவந்த ரோவருக்கு இது நெருக்கடியாக அமைந்தது. அதன் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்சின் ஆங்கிள்சி தீவில் இருந்த தம் நிலத்தில் போர் உபரியாக வந்த வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு மாற்றாக ஒரு வண்டியை நாமே செய்தால் என்ன என்று அவரும் அண்ணன் ஸ்பென்சர் வில்க்சும் பேசிக்கொண்டதிலிருந்து லேண்ட் ரோவர் தொடங்கியது. ரெட் வார்ஃப் வளைகுடாக் கடற்கரை மணலில் மாரிஸ் அதன் வடிவத்தை வரைந்து காட்டினார் என்பது நிறுவனம் விரும்பிச் சொல்லும் கதை.

1947-இல் செய்த முதல் சோதனை வண்டி ஜீப்பின் சேஸிஸ் மீதே கட்டப்பட்டது. வலப்பக்க, இடப்பக்க ஓட்டுமுறை நாடுகள் இரண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்ற எண்ணத்தில் அதன் ஸ்டியரிங் நடுவில் வைக்கப்பட்டிருந்தது. அந்த வண்டி இன்று இல்லை. காட்சியில் உள்ளவை பிற்காலத்தில் செய்த நகல்கள். அடுத்து 48 முன்னோடி வண்டிகள் செய்யப்பட்டன. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. விலை 450 பவுண்டு.

எஃகுத் தட்டுப்பாடுதான் இந்த வண்டியின் உடலைத் தீர்மானித்தது. மேற்பாகத் தகடுகள் பெரும்பாலும் பிர்மாபிரைட் எனப்படும் அலுமினிய-மெக்னீசியக் கலவையால் ஆனவை. விமானத் தொழிலில் புழங்கிய அந்த உலோகம் போருக்குப் பின் எளிதாகக் கிடைத்தது. விலை உயர்ந்த அச்சு எந்திரங்கள் தேவைப்படாதபடி தகடுகள் தட்டையாகவும் எளிய வளைவுகளோடும் வடிவமைக்கப்பட்டன. சேஸிஸும், எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் இடையே நிற்கும் தடுப்புச் சுவரும் மட்டும் எஃகு. அறுபது ஆண்டு வயலில் கிடந்த வண்டியும் தூரத்திலிருந்து பார்க்க முழுதாகத் தெரிவதற்கும், அருகில் போய்க் குனிந்து பார்த்தால் அடிப்பகுதி துருவாய் உதிர்வதற்கும் இதுவே காரணம்.

இனங்காணல்

துருப்பிடித்த ஒரு லேண்ட் ரோவர் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அறிய முதலில் எடுக்க வேண்டியது அளவு நாடா. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 80 அங்குலம் என்றால் வண்டி 1948-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. 86 அல்லது 107 அங்குலம் என்றால் 1954-இல் தொடங்கிய வரிசை. 88, 109 அங்குல வண்டிகள் அதற்கும் பிந்தியவை. இந்த அளவு பெரும்பாலும் ஏமாற்றாது. சேஸிஸை நீட்டுவதும் குறுக்குவதும் மற்றப் பாகங்களை மாற்றுவதைப் போல எளிதல்ல.

அடுத்தது முகம். மிகத் தொடக்க வண்டிகளில் முகப்பு விளக்குகள் கம்பிவலைக் கிரிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 1950-இல் கிரிலில் துளையிட்டு விளக்குகள் வெளியே வந்தன. உள்ளே கியர் நெம்புகோல்களைப் பார்ப்பது இன்னும் பயன் தரும். தொடக்க வண்டிகளில் நான்கு சக்கர இயக்கம் நிரந்தரமானது. முன் அச்சுக்குச் செல்லும் விசையில் மிதிவண்டியின் பின்சக்கரத்தில் இருப்பதைப் போன்ற ஃபிரீவீல் அமைப்பு ஒன்று இருந்தது. அதைப் பூட்டத் தரையில் ஒரு வளையம் இருக்கும்; பிடித்து இழுக்க வேண்டும். பின்னர் அது நீக்கப்பட்டு, நான்கு சக்கர இயக்கத்தைத் தேவைப்படும்போது சேர்க்கும் முறை வந்தது. மஞ்சள் குமிழ் கொண்ட நெம்புகோல் அதற்குரியது. சிவப்புக் குமிழ் தாழ்கியர் வரிசைக்குரியது.

எஞ்சினைக் கொண்டு ஆண்டைக் கணிப்பது ஆபத்தானது. முதல் வண்டிகளில் 1595 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின், பின்னர் 1997 கன செ.மீ., இறுதியில் 2052 கன செ.மீ. டீசல் என்று ஒழுங்கான வரிசை ஏட்டில் உண்டு. ஆனால் எஞ்சின் பழுதானால் கையில் கிடைத்ததைப் பொருத்திவிட்டு உழவுக்குப் போவதே பண்ணையின் வழக்கம்.

நிறம் நல்ல சாட்சி. தொடக்க வண்டிகள் வெளிர்பச்சையில் வந்தன. பின்னர் அடர்பச்சை வழக்கமானது. மேற்பூச்சைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டே போனால் எத்தனை கை மாறியது என்பது அடுக்கடுக்காகத் தெரியும். இருக்கைப் பெட்டியின் உட்புறம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஆகியவற்றில் முதல் நிறம் தப்பிப் பிழைத்திருக்கும். முன்னோடி வண்டிகளுக்கு வேறு சில அடையாளங்கள் உண்டு: துத்தநாகம் பூசிய சேஸிஸ், பிந்தையவற்றைவிடத் தடித்த அலுமினியத் தகடு, கழற்றி எடுக்கக்கூடிய பின்பெட்டி.

குழப்பம் தரும் உறவினர்களும் உண்டு. பெல்ஜியத்தின் மினர்வா நிறுவனம் 1952 முதல் 1956 வரை உரிமம் பெற்று இவ்வண்டியைச் செய்தது. அதன் உடல் எஃகு. முன் மட்கார்டுகள் சரிந்திருக்கும். ஒரு காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். டிக்ஃபோர்ட் நிறுவனம் மரச்சட்டத்தில் உடல்கட்டிய நிலைய வண்டி வேறொரு கதை. காராகக் கருதி அதற்குக் கொள்முதல் வரி விதிக்கப்பட்டதால் விற்பனை படுத்தது. மரம் மக்கிப்போக, எஞ்சியவை மிகச் சில.

இறுதித் தீர்ப்பு எண்ணில் இருக்கிறது. தடுப்புச் சுவரில் அறைந்த தகட்டிலும் சேஸிஸிலும் வண்டியின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. எண்ணைக் கொடுத்தால் வண்டி தயாரான நாள், அனுப்பப்பட்ட இடம், முதல் நிறம், முதல் எஞ்சின் எண் ஆகியவற்றுடன் சான்றிதழ் பெறலாம். தகட்டின் எண்ணும் சேஸிஸின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே சந்தேகம் தொடங்க வேண்டும். தகட்டை ஆணி கழற்றி வேறு வண்டியில் அறைவதற்கு ஐந்து நிமிடம் போதும். பழைய வண்டிகளின் விலை ஏறிய பிறகு அந்த ஐந்து நிமிட வேலைக்கு ஆதாயமும் கூடியது.

மீட்டெடுத்தலின் நடைமுறை

வேலை பெரும்பாலும் சேஸிஸில் தொடங்கும். லேண்ட் ரோவரின் சேஸிஸ் நான்கு தட்டைத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டவைத்து வெல்டிங் செய்தது. சேறும் நீரும் உள்ளே தேங்குவதால் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளிப்பூச்சு நன்றாக இருந்தாலும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டங்' என்ற ஒலி மங்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கிறது. பின்முனைக் குறுக்குச் சட்டமும் உடலைத் தாங்கும் பக்கக் கைகளும் முதலில் போகும். தடுப்புச் சுவரில் கால் வைக்கும் பள்ளங்களும் கதவு தொங்கும் தூண்களும் அடுத்தவை.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, அலுமினியம் வெண்பொடியாகக் கரையும். ஆகவே எஃகு விளிம்பு ரிவிட் அடித்த இடங்களைத் திறந்து பார்க்காமல் விடுவதில்லை. நசுங்கிய அலுமினியத் தகட்டை நிமிர்த்துவது எஃகை நிமிர்த்துவது போன்றதல்ல. அது அடிக்க அடிக்க இறுகி, வெடித்துவிடும். சூடாக்கி இளக்க வேண்டும். உருகும் முன் எஃகைப்போல் சிவக்காது என்பதால், கை பழகாதவர் அடுத்த நொடியில் தகட்டில் ஓட்டை போட்டுவிடுவார்.

நெடுங்காலம் நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியே எண்ணெய் ஊற்றி நாட்கணக்கில் ஊற விடுவார்கள். அவசரப்பட்டுக் கைப்பிடி போட்டுச் சுழற்றினால் உடைவது பிஸ்டனா கனெக்டிங் ராடா என்பதுதான் கேள்வி. மரைகள் பழைய பிரிட்டிஷ் அளவுகளில் இருப்பதால் மில்லிமீட்டர் ஸ்பானர்கள் பொருந்தா. பொருந்தாத ஸ்பானரால் முனை மழுங்கிய நட்டுகளே முந்தைய மெக்கானிக்கின் கைவரிசையைக் காட்டிக்கொடுக்கும்.

எதுவரை மாற்றலாம்

பிரிட்டனின் வாகன உரிமத் துறை பெரிதும் மாற்றப்பட்ட வண்டிகளுக்கு நெடுங்காலம் ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டது. மாற்றம் செய்யாத மூலச் சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பெட்டித் தொகுதி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14-இல் 8 இருந்தால் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாம். வெளித்தகடுகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பது கவனிக்கத்தக்கது. பார்ப்பவர் கண்ணுக்கு வண்டியாகத் தெரிவது சட்டத்தின் கண்ணுக்கு வண்டி அல்ல.

ஆர்வலர்களுக்குள் இரண்டு தரப்பு உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஆக்க வேண்டும் என்பது ஒன்று. லேண்ட் ரோவர் நிறுவனமே 2016-இல் தொடங்கிய 'ரீபார்ன்' திட்டம் இவ்வகை. பழைய சீரிஸ் ஒன் வண்டிகளைத் தேடியெடுத்து, முதற்கட்டமாக 25 வண்டிகளைப் புதிதாக்கி விற்பதாக அறிவித்தது. வண்டி பட்ட அடிகளும் அதன் வரலாறுதான், அவற்றை அழிக்கக் கூடாது என்பது மற்றத் தரப்பு. பளபளக்கும் புதுப் பூச்சுக்கு அடியில் எது பழையது என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது என்பதால், அரிய வண்டிகளைப் பொறுத்தவரை இரண்டாம் தரப்பின் வாதமே வலுவானது.

அந்த வாதம் நடைமுறையில் வென்ற இடங்களும் உண்டு. 1948 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குச் சென்ற வண்டிகளுள் ஒன்று 1960-கள் வரை சாலையில் ஓடியது. பிறகு வேல்சில் ஒரு வயலில் இருபது ஆண்டு கிடந்தது. அதைச் சரிசெய்ய வாங்கியவரின் வேலை முடியாமல் நின்றுபோக, ஒரு தோட்டத்தில் மறக்கப்பட்டது. அது பிறந்த சோலிஹல்லிலிருந்து சில மைல் தொலைவிலேயே அந்தத் தோட்டம் இருந்தது. நிறுவனத்தார் தம் ஆவணங்களை மாதக்கணக்கில் புரட்டி அது இன்ன வண்டிதான் என்று உறுதி செய்து, 2018 ஜனவரியில் அறிவித்தனர். மீட்கும்போது எஞ்சியிருந்த மூல வெளிர்பச்சைப் பூச்சையும் பாகங்களின் பழமையையும் காப்பதென முடிவாயிற்று.

முதல் விற்பனை வரிசையின் முதல் எண்ணான 860001-ஐத் தாங்கிய வண்டியும் (பதிவெண் ஜே.யு.இ. 477) இதே வழியில் போனது. ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு அளிக்கப்படவிருந்ததாகச் சொல்லப்படும் இவ்வண்டி, கை மாறி மாறி நார்தம்பர்லாந்துப் பண்ணை ஒன்றில் பல்லாண்டு கிடந்தது. முன்னோடி வண்டிகளில் முதலாவதான எச்.யு.இ. 166-க்கு வாய்த்ததோ நேர்மாறான வாழ்வு. அது கேடன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல்லில் இவ்வடிவத்தின் கடைசி வண்டி வெளிவந்தபோது, அதற்கு எச் 166 எச்.யு.இ. என்ற எண் சூட்டப்பட்டது.

மீண்டும் ஓடிய வண்டிகள்

1955-56-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அறுவர் இரண்டு 86 அங்குல வண்டிகளில் லண்டனிலிருந்து இந்தியா, பர்மா வழியாகச் சிங்கப்பூர் வரை சென்றனர். அடர்நீல வண்டிக்கு 'ஆக்ஸ்ஃபோர்டு', இளநீல வண்டிக்கு 'கேம்பிரிட்ஜ்' என்று பெயர். 'கேம்பிரிட்ஜ்' பின்னொரு பயணத்தில் ஈரானில் பள்ளத்தில் கவிழ்ந்து அழிந்தது. 'ஆக்ஸ்ஃபோர்டு' பறவை ஆய்வாளர்களோடு அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவுக்குப் போய், அங்கிருந்து செயின்ட் ஹெலினா தீவைச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் கடல் உப்புக் காற்றில் நின்றது. 2017-இல் பிரிட்டன் திரும்பிய அது சீர்செய்யப்பட்டு, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டு டிசம்பரில் லண்டனை அடைந்தது. முதல் பயணத்தில் இருந்த டிம் ஸ்லெஸர் இதிலும் செல்வதாக இருந்தது. கடைசி நேரத்தில் உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. அவருடைய பேரன் அந்த இருக்கையில் அமர்ந்தார்.

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலையில் நிலைமை வேறு. மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்கு ஏறும் 31 கிலோமீட்டர் மலைப்பாதையில், தேயிலைத் தோட்டக் காலத்தில் வந்த 1950-களின் லேண்ட் ரோவர்கள் அரிசியும் காய்கறியும் சுற்றுலாப் பயணிகளும் ஏற்றிக்கொண்டு ஓடின. அவற்றில் பலவற்றுக்கு எஞ்சின் மாற்றப்பட்டுவிட்டது. கிடைக்காத பாகத்தை உள்ளூர்ப் பட்டறையில் அடித்துப் பொருத்திக்கொள்கிறார்கள். ஆங்கிலேய ஆர்வலர் எவரும் அவற்றை மூல வண்டி என்று ஒப்ப மாட்டார். ஆனால் அவை வயலில் கிடந்து மீட்கப்பட்டவை அல்ல. ஒரு நாளும் நிறுத்தப்படாமல், காலையில் பழுது பார்த்துப் பகலில் மலையேறியவை.